ஆயிரத்துக்கு இரண்டு புள்ளி குறைவு

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில் ஸ்ரீ கருணை நகர் என்று ஒரு குடியிருப்பு. நூற்றுப் பதினேழு வீடு. அங்கே ஒரு சமயம் குடியிருப்போர் சங்கம் இருந்தது. சங்கத்துக்குச் சட்டதிட்டம் இருந்தது, ரசீதுப் புத்தகம் இருந்தது, வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் ஒருவர் வந்து காபி குடித்துவிட்டுப் போவார். இத்தனையும் இருந்தும், மழைநீர்க் கால்வாய் கட்டியதாக ஒரு செயலாளர் பில் வைத்தார். கடைசியில் கால்வாயையும் காணோம், ஆளையும் காணோம்.

வேறு நகராக இருந்தால் போலீசுக்குப் போயிருப்பார்கள். கருணை நகரில் படித்தவர்கள் அதிகம். யோசித்தார்கள்.

தலைவர் பக்தவச்சலம் மைக்கைப் பிடித்தார். "கணக்குப் புத்தகம் இருந்ததனாலதானே பொய்க்கணக்கு எழுத முடிஞ்சுது? ரசீது இருந்ததனாலதானே போலி ரசீது போட முடிஞ்சுது? சட்டம்னு ஒண்ணு இருந்தா அதுல ஓட்டை இருக்கும். சட்டமே இல்லேன்னா ஓட்டை எங்கே இருக்கும்? யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

யாராலும் சொல்ல முடியவில்லை. கை தட்டினார்கள்.

அப்படித்தான் சங்கம் கலைந்து நற்பெயர் மன்றம் பிறந்தது. வீட்டுக்கு நூறு புள்ளி கொடுத்து, நுழைவாயிலில் கரும்பலகை வைத்து எழுதிப் போட்டார்கள். நல்லபடியாக நடந்துகொண்டால் ஏறும். அடுத்தவரைச் சந்தேகப்பட்டால் இறங்கும். ஆயிரம்தான் உச்சம். கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற பயம் ஒன்று போதும், மனிதன் திருட மாட்டான் என்பது மன்றத்தின் கொள்கை. வாட்ச்மேன் கேசவனிடமிருந்து, வருகிறவர் போகிறவர் பெயர் எழுதும் நோட்டை வாங்கிக்கொண்டு சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்தார்கள்.

முதல் இடம் அச்சுதனுக்கு. ரிட்டயர்டு அதிகாரி. எந்த ஆபீசில் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் புள்ளி போகும். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், எதிரே யார் வந்தாலும் முதலில் கும்பிடுவது இவர்தான். மன்றம் அவருக்கு ஆயிரமே கொடுத்தது. "ஆயிரம் சாமிக்கு. எனக்கு ரெண்டு கம்மியாவே இருக்கட்டும்" என்று தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் நின்றுகொண்டார். அந்த அடக்கத்தைப் பாராட்டிப் பத்துப் புள்ளி தரவேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. தந்தால் ஆயிரத்தைத் தாண்டும் என்பதால் கைவிட்டார்கள்.

கடைசி இடம் தாமோதரனுக்கு.

தாமோதரன் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் தோல் தரம் பிரித்தவர். மேலே எத்தனை பாலிஷ் போட்டிருந்தாலும் திருப்பிப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்தினால் கத்தி பட்ட இடம் அவருக்குத் தெரிந்துவிடும். மனிதர்களைத் திருப்பிப் போட்டுப் பார்க்க முடியாததில் அவருக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. கம்பெனி விட்டபோது வந்த பணத்தில் மூன்றாவது தெருவில் இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினார். அவருக்கும் அவர் மனைவி சாவித்ரிக்கும் இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். பிள்ளை குட்டி இல்லை.

மன்றம் ஆரம்பித்த முதல் மாசமே அவர் தப்புச் செய்தார். மாசச் சந்தாவை அச்சுதன் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"என்ன தாமோதரன் சார்?"

"ரசீது சார்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அச்சுதன் கோபப்படவில்லை. முகம் வாடி, "பரவாயில்லே, என்மேலதான் ஏதோ குறை இருக்கு" என்றார். அவர் முகத்தை வாட வைத்ததற்காகத் தாமோதரனுக்கு ஐம்பது புள்ளி போனது.

அடுத்தது மீன். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து அங்காளம்மா கூடையோடு வருவாள். தராசு வைப்பது சந்தேகத்தின் அடையாளம் என்று மன்றம் தடை போட்டிருந்தது. வாங்குபவர் பார்த்துச் சொல்வதுதான் எடை. அறுநூறு புள்ளிக்காரர் ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்து அரை கிலோ என்றால் அது அரை கிலோ.

"இன்னா அநியாயம்ணா இது?" என்று தாமோதரனிடம் அழாத குறையாகச் சொன்னாள். "ரெண்டு கிலோ மீனு, அந்த ஐயா கையில போனா மட்டும் எளச்சிப்பூடுது. தராச வெளிய எடுத்தா கேட்டாண்டயே வுடமாட்டேன்றான் கேசவன்."

"கொண்டாந்துகிறியா?"

"கூடைக்கி அடியில கீது."

"எடு. எனக்கு நிறுத்துப் போடு."

கேசவன் பார்த்துவிட்டான். பத்துப் புள்ளி போனது. பலகையில் தாமோதரன், நாற்பது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கோடையில் தண்ணீர் லாரி, புள்ளி வரிசைப்படி வீடு வீடாக நிற்கும் என்று முடிவானது. நூற்றுப் பதினாறு வீட்டுக்கும் ஊற்றிவிட்டு மூன்றாவது தெருவுக்குத் திரும்பி வரும்போது குழாயில் சொட்டுவது மட்டும்தான் மிச்சம். சாவித்ரி அதை ஒரு சொம்பில் பிடிப்பாள்.

"ஊருல அத்தனை பேரும் நல்லவங்களா இருக்க முடியுது. நீ மட்டும் ஏன்யா இப்படி?" என்றாள். "உன் சந்தேகத்தக் கரச்சி நான் சோறாக்கவா?"

புள்ளி ஏற ஒரு வழி இருந்தது. மன்றத்தின் ஹாலில் அச்சுதன் பொறுப்பில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. வீட்டின் மூலப்பத்திரத்தை அதில் வைப்பவருக்கு இருநூறு புள்ளி. தன் வீட்டையே நம்பி ஒப்படைப்பவனைவிட நல்ல பெயருக்கு உரியவன் யார் என்று பக்தவச்சலம் கேட்டிருந்தார். நூற்றுப் பதினாறு வீட்டுப் பத்திரமும் உள்ளே போயிருந்தது.

தாமோதரன் பதினோரு நாள் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் சாவித்ரி குளிக்காமல் கோயிலுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். அச்சுதன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாமோதரன் இந்த முறை ரசீது கேட்கவில்லை. இருநூறைத் தாண்டிய வீட்டுக்குத் தண்ணீர் நிச்சயம் என்பது மன்றத்தின் வழக்கம், மறுநாள் லாரி வாசலில் நின்றது.

அதற்கடுத்த மாசம் நம்பிக்கைப் பயணம். மூன்று வேன் வைத்து எல்லாரையும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியெல்லாம் அந்தாக்ஷரி, ஆளுக்கொரு எலுமிச்சை சாதம். அங்கே வரிசையில் நின்று போட்டோ எடுத்து, கட்டைவிரல் ரேகை வைத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மா ஒவ்வொருவரிடமும், "படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பாத்தோம் பாத்தோம் என்றார்கள். பக்கத்தில் அச்சுதன் நின்றுகொண்டிருக்கும்போது காகிதத்தைப் படிக்கிற அளவுக்கு யாருக்கும் மனசு வரவில்லை.

தாமோதரன் மட்டும், "இது இன்னாத்துக்கு சார்?" என்றார்.

"நம்ம எல்லாரோட நற்பெயரையும் ரெஜிஸ்டர் பண்றோம் சார்" என்றார் அச்சுதன், அத்தனை அன்பாக.

கேட்டதற்கு இருபத்தைந்து போனது. இருநூற்றுப் பதினைந்து.

ஆவணி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தாமோதரன் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் வினோத்குமாரும் அவன் மனைவி ஸ்நேகாவும் இறங்கி வந்தார்கள். அவள் கையில் அளக்கிற டேப் இருந்தது. நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"ஃப்ரிட்ஜ் இங்க வராது வினோத். இந்தச் செவுத்த எடுத்தாகணும்."

"யாரும்மா நீங்க? எந்தச் செவுத்த எடுக்கிறீங்க?" என்றாள் சாவித்ரி.

வினோத்குமார்தான் முதலில் சுதாரித்தான். "ஆன்ட்டி, நீங்க டெனன்ட்தானே? அச்சுதன் சார் சொல்லலியா? வீட்ட நாங்க வாங்கிட்டோம். பத்திரம் முடிஞ்சுடுச்சு. அவர்கிட்ட உங்க பவர் இருக்கே."

"இன்னா பவரு?" என்றார் தாமோதரன்.

காகிதத்தைக் காட்டினான். என் வீட்டை விற்கவும் பணம் பெறவும் அச்சுதனுக்கு முழு அதிகாரம் தருகிறேன் என்று தாமோதரன் போட்டோவும் ரேகையும் கையெழுத்துமாக இருந்தது. போட்டோவில் அவர் உதட்டோரம் ஒரு எலுமிச்சை சாதப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. விற்ற பணமும் அச்சுதன் கைக்கே போயிருந்தது. சட்டம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன மன்றத்தின் முதல் மனிதர், தனக்கு வேண்டிய சட்டத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"விசாரிக்காமலா வாங்கினீங்க தம்பி?"

"விசாரிச்சோமே அங்கிள். கேட்ல போர்டு பார்த்தோம். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. அதுக்கு மேல என்ன விசாரிக்கறது?"

தாமோதரன் பக்தவச்சலத்திடம் ஓடினார். தலைவர் பதறவில்லை. உட்காரச் சொன்னார்.

"சார், நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா இங்க உண்மை பொய்யிங்கறது கோர்ட் பாஷை. ஆதாரம், சாட்சி, இதெல்லாம் நாம விட்டுட்டோம். மன்றத்துல ஒருத்தர்மேல புகார் சொல்லணும்னா, சொல்றவர் பேர் அவர் பேரைவிடப் பெரிசா இருக்கணும். இல்லேன்னா யார் வேணா யார்மேல வேணா சொல்லிடுவாங்களே! திருட்டைவிட அது பெரிய ஆபத்தில்லையா?"

"அவரு தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு சார்."

"அதான். உங்களுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வேணும்."

"அவ்ளோ புள்ளிக்கு எங்க சார் போவேன்?"

"சிபாரிசுக் கடிதம் வாங்குங்க. ஒருத்தர் தன்னோட புள்ளியில பாதி வரைக்கும் இன்னொருத்தருக்கு சிபாரிசு பண்ணலாம். ஐநூறு கிட்ட தரக்கூடியவர் நம்ம நகர்ல ஒருத்தர்தான் இருக்கார்."

யார் என்று தாமோதரன் கேட்கவில்லை.

அச்சுதன் வாசல் வரை வந்து கூட்டிப்போனார். டவரா தம்ளரில் காபி வந்தது. தாமோதரன் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். என் வீட்டை நீங்கள் விற்றுவிட்டீர்கள், உங்கள்மேல் நான் புகார் கொடுக்க வேண்டும், அதற்குப் புள்ளி போதவில்லை, நீங்கள் ஒரு சிபாரிசு தரவேண்டும்.

"இதுக்கா இவ்வளவு தயக்கம்?" என்றார் அச்சுதன். பேனாவைத் திறந்து அங்கேயே எழுதினார். தாமோதரன் நேர்மையான மனிதர், மனதில் பட்டதை மறைக்காதவர், அவர் சொல்வதை முழுமையாக நம்பலாம். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி. கீழே கையெழுத்து. "ஜெயிச்சுட்டு வாங்க சார்" என்று கும்பிட்டார்.

தாமோதரன் வீட்டுக்கு வந்து, "நல்ல மனுசன்தான், கொடுத்துட்டாரு" என்றார். சாவித்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காப்பி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

எழுநூற்றுப் பதினாலு ஆயிற்று. இன்னும் இருநூற்று எண்பத்தைந்து. அச்சுதன் சிபாரிசு செய்த ஆள் என்று தெரிந்ததும் நகரே போட்டிபோட்டுக் கொடுத்தது. ஒரே வாரத்தில் பலகையில் தாமோதரன், ஆயிரம். புகாரோடு ஹாலுக்குப் போனார்.

பக்தவச்சலம் புகாரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாமோதரன் சார், உங்களுக்கு முதல்ல கைகொடுத்தவர் யாரு?"

"அச்சுதன் சார்."

"இப்ப புகார் யார்மேல?"

"அவருமேலதான்."

"நன்றி கெட்டதனம்" என்றார் பக்தவச்சலம் துக்கத்தோடு. "எழுநூத்தம்பது கழிச்சுக்கோ கேசவா. புகார் கொடுக்கத் தகுதியில்லேன்னு எழுதிடலாம். நான் சொல்றேன் கேளுங்க சார். ஒரு வீடு போச்சுன்னா இன்னொரு வீடு கட்டலாம். ஒரு நல்ல மனுஷன் பேர் போச்சுன்னா இந்த நூத்துப் பதினேழு பேரும் எதை நம்பி ராத்திரி தூங்கறது? என்னோட பத்திரமும் அந்த அலமாரியிலதான் இருக்கு. அவர் திருடர்னு நான் ஒத்துண்டா என் கதி என்ன? அதனால அவர் நல்லவர். நல்லவராத்தான் இருந்தாகணும்."

தாமோதரன் ஸ்டேஷனுக்கும் போனார். எழுத்தர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரேகை யாருது?"

"என்னுதுங்க."

"போட்டோ?"

"நான்தாங்க."

"மிரட்டி வாங்குனாங்களா?"

"இல்லீங்க. எலுமிச்சை சாதம் கொடுத்தாங்க."

எழுத்தர் பேனாவை மூடினார். "பெரியவரே, இத்த நான் இன்னான்னு எழுதுறது? பத்திரம் கொடுத்ததுக்கு ஒரு ரசீதாவது கீதா? கோர்ட்டுல போடு. இருவது வருசம் இழுத்துகினு போவும். அதுவரைக்கும் உடம்பப் பாத்துக்கோ."

வினோத்குமார் கெட்டவன் இல்லை. அவனுக்குக் கடன் தவணை பிடிக்க ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். ஐப்பசி முடியும்வரை இருந்துகொள்ளுங்கள், ஆனால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று எழுதித் தந்துவிடுங்கள் என்றான். தராவிட்டால் வருகிற திங்களன்றே பூட்டு மாற்ற வேண்டியிருக்கும் என்று காரைப் பார்த்தபடி சொன்னான். ஸ்நேகா காரைவிட்டே இறங்கவில்லை.

"போட்டுக் குடுய்யா" என்றாள் சாவித்ரி. "மழக்காலத்துல என்னத் தெருவுல நிக்க வெக்காத."

தாமோதரன் கையெழுத்துப் போட்டார். இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். படித்ததனால் ஒன்றும் மாறிவிடவில்லை.

அந்த வாரமே அச்சுதன் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். எப்போது வருவார் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் இல்லாதவர் தப்புச் செய்ய வாய்ப்பில்லை என்பதால் அவர் புள்ளி அப்படியே இருக்கும் என்று மன்றம் அறிவித்தது. அலமாரிக்கு வேறு பொறுப்பாளர் வேண்டும். பக்தவச்சலம் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம மத்தியில ஒருத்தர். வீட்டையே இழந்தவர். புகார் கொடுக்க எல்லாக் காரணமும் இருந்தும், எனக்குப் புகார் இல்லேன்னு கைப்பட எழுதிக் கொடுத்தவர். இதைவிட நம்பிக்கைக்கு இலக்கணம் உண்டா? எழுநூறு புள்ளி தர்றோம். தொள்ளாயிரத்தம்பது! அச்சுதன் சாருக்கு அடுத்து இவர்தான்!"

சால்வை போட்டார்கள். சாவியைக் கையில் வைத்தார்கள். எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே தாமோதரன் போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு நாப்தலின் உருண்டை இருந்தது.

"சார், ஒண்ணுமே இல்ல சார்!" என்று கத்தினார். "யார் பத்திரமும் இல்ல. எல்லாரும் வந்து பாருங்க!"

ஒருவரும் வரவில்லை. முன்வரிசையில் சிலர் செருப்பைப் பார்த்தார்கள். இரண்டு பேர் காதை மூடிக்கொண்டார்கள்.

"மூடுங்க சார், மூடுங்க" என்றார் பக்தவச்சலம். வேர்த்துக் கொட்டியது. "நம்பிக்கை உள்ளவன் திறந்து பார்க்க மாட்டான். போகட்டும், புதுசு. தெரியாம செஞ்சுட்டீங்க."

ஐப்பசி கடைசி நாள் நல்ல தூறல். தாமோதரன் தட்டுமுட்டுச் சாமானை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றினார். சேலையூரில் மாடிமேல் தகரக் கூரை போட்ட ஓர் அறை, வாடகைக்கு. அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மூன்று தடவை போய்விட்டார், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வண்டி கிளம்பும் நேரத்தில் அங்காளம்மா மீன் கூடையில்லாமல் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால், அவளைப்போலவே நகருக்குள் வியாபாரத்துக்கு வருகிற ஏழெட்டுப் பேர் குடையோடு நின்றார்கள்.

"அண்ணா, போய்டாதண்ணா. இத்தப் புடி." பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு காகிதம். "எங்க வூட்டுப் பட்டா. இத்த வெச்சாத்தான் எனக்கும் புள்ளியாம். இல்லாங்காட்டி உள்ள வந்து மீன் விக்கக் கூடாதுன்றாங்க."

"எடுத்துகினு போ" என்றார் தாமோதரன். "அங்காளம்மா, நல்லா கேளு. எவன் கையிலயும் குடுக்காத. அந்த அலமாரி காலி. என் வூடு எப்டிப் போச்சுன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்ணா. அதுக்குத்தான் உன்னாண்ட குடுக்கறேன். வூடே போனாலும் ஒருத்தன ஒரு வார்த்த சொல்லல நீயி. அந்த அச்சுதன் ஐயாவா இருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்."

"என்னையும் நம்பாத."

அவள் பின்னால் திரும்பி, "பாத்தீங்களா, இப்டி யாரு சொல்வாங்க?" என்றாள். குடைகள் தலையாட்டின.

தாமோதரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பழைய கரண்ட் பில் ஒன்றின் பின்பக்கத்தில், வண்டியின் பக்கவாட்டுத் தகட்டில் வைத்து எழுத ஆரம்பித்தார். "இரு. ரசீதாவது தரேன். நீ குடுத்தே, நான் வாங்கனேன்னு."

அங்காளம்மாவின் முகம் சட்டென்று வாடிப்போனது.

"இன்னாண்ணா இது? உன்னப் போயி நான் சந்தேகப்படுவேனா? அப்டியா நெனச்சிக்கினே என்னிய?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டாவை அவர் மடித்த கைக்குள் செருகிவிட்டு விறுவிறுவென்று நடந்துபோனாள். அடுத்த குடை முன்னால் வந்தது. அதற்கும் கையில் ஒரு கவர் இருந்தது.

குட்டி யானை டிரைவர் ஹாரன் அடித்தான். முன் இருக்கையில் பாத்திர மூட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்த சாவித்ரி எட்டிப் பார்த்தாள்.

"மழையில நனைக்காத அத்த. அடுத்தவங்க வூடு. எங்கய்யா வெக்கப்போற?"

தாமோதரன் பட்டாவைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஈரமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.